மூன்று 'ப' குழாய்

சென்னை கொளத்தூரில் வண்ண மீன் வளர்ப்பது பல குடும்பங்களுக்குத் தொழில். கொல்கத்தாவை அடுத்த ஹவுராவிலும் அப்படித்தான். கொல்கத்தா காலிஃப் தெருவில் ஞாயிறு தோறும் வண்ண மீன் சந்தை கூடுகிறது. இப்படி வாங்கிய மீன்கள் எத்தனையோ வீடுகளில் கண்ணாடித் தொட்டியில் நீந்துகின்றன.

மீன் தண்ணீரில் வாழ்கிறது. அதன் கழிவும் அதே தண்ணீரில்தான் சேர்கிறது. கழிவிலிருந்து அம்மோனியா என்ற நஞ்சு உண்டாகிறது. பஞ்சிலும் கூழாங்கல்லிலும் குடியேறும் நல்ல கிருமிகள் அந்த நஞ்சை மாற்றி விடுகின்றன. அதனால் சிலர் மீன் தொட்டிக்குக் கீழே இன்னொரு சின்னத் தொட்டி வைக்கிறார்கள். பஞ்சும் கல்லும் அதில் இருக்கும். மேல் தொட்டித் தண்ணீர் கீழே இறங்கிச் சுத்தமாகும். பிறகு சின்ன மோட்டார் அதை மேலே ஏற்றும்.

ஏற்றுவதற்கு மோட்டார் இருக்கிறது. இறக்குவது எப்படி?

டீசல் பீப்பாயில் ரப்பர் குழாயை விட்டு, உறிஞ்சி இழுத்து விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல ஒரு குழாயைப் போட்டால் போதாதா? போதாது. கரண்ட் போனால் மோட்டார் நிற்கும். ரப்பர் குழாய் நிற்காது. அது மேல் தொட்டியை வடித்துக்கொண்டே இருக்கும். கீழ்த் தொட்டி நிரம்பித் தரையில் வழியும். பக்கத்தில் பிளக் பலகை இருந்தால் உயிருக்கே ஆபத்து. மேலே மீன்கள் வெறும் கண்ணாடியில் துடிக்கும்.

தொட்டிக் கண்ணாடியில் துளை போட்டுக் குழாய் வைப்பதே நல்ல வழி. புதிதாகத் தொட்டி செய்பவர்கள் அப்படியே செய்யலாம். ஆனால் மீன் ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில் எப்படித் துளை போடுவது? டஃபன்டு கண்ணாடியாக இருந்தால் துளை போடும்போதே நொறுங்கிவிடும். அங்கேதான் பிவிசி குழாய் உதவுகிறது.

'ப' என்ற எழுத்தைப் பாருங்கள். மேலே வாய் திறந்திருக்கிறது. தண்ணீர் ஊற்றினால் நிற்கும். இந்தக் குழாயில் மூன்று 'ப' உண்டு. முதல் 'ப' தொட்டிக்கு உள்ளே இருக்கும். மூன்றாவது 'ப' தொட்டிக்கு வெளியே இருக்கும். நடுவில் இருப்பது தலைகீழான 'ப'. அது தொட்டிச் சுவரின் மேல் குதிரை ஏறியது போல உட்கார்ந்து, இரண்டையும் இணைக்கும்.

உள் 'ப'வின் ஒரு வாய் திறந்திருக்கும். தொட்டியில் தண்ணீர் எவ்வளவு நிற்க வேண்டுமோ, அந்த உயரத்தில் அந்த வாய் இருக்க வேண்டும். தண்ணீர் அதற்கு மேல் ஏறினால் வாயில் விழும். மூன்று 'ப'வையும் கடந்து வெளியே வரும். வெளி 'ப'வின் கடைசியில் ஒரு டீ. டீயின் மேல்வாயை மூடக் கூடாது. அது காற்றுக்கு வழி. பக்கவாயில் ஓர் எல்போவும் குழாயும் வைத்துக் கீழ்த் தொட்டிக்கு விட வேண்டும்.

இதில் என்ன சூட்சுமம்? கொத்தனாருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மட்டம் பார்க்கும் டியூபில் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில்தான் நிற்கும். இங்கும் அதே கதைதான். கரண்ட் போனதும் தொட்டித் தண்ணீர் உள்வாய் மட்டத்துக்கு இறங்கி நின்றுவிடும். அதற்குக் கீழே உள்ள தண்ணீர் வாயில் ஏற முடியாது. 'ப'க்களில் இருக்கும் தண்ணீரும் வடிந்து போகாது. கழிப்பறைப் பீங்கானின் வளைவில் எப்போதும் தண்ணீர் நிற்கிறதே, அதுபோல. அதனால் குழாய்க்குள் காற்று புகாது. கரண்ட் வந்து மோட்டார் ஓடியதும் தண்ணீர் தானே இறங்கத் தொடங்கும். யாரும் தொட வேண்டியதில்லை.

3 அடி நீளம், 1 அடி அகலம், 15 அங்குல உயரம் உள்ள தொட்டி என்று வைத்துக்கொள்வோம். சுமார் 100 லிட்டர் பிடிக்கும். மணிக்கு 500 லிட்டர் ஏற்றும் மோட்டார் போதும். 1 அங்குலக் குழாய், ஏழு எல்போ, ஒரு டீ, பிவிசி சொல்யூஷன், ஹேக்ஸா பிளேடு வேண்டும். உள்வாய் தொட்டி விளிம்புக்கு 2 அங்குலம் கீழே இருக்கட்டும். உள் 'ப' 8 அங்குல ஆழம் இருக்கட்டும். டீயின் பக்கவாய் உள்வாயை விட 3 அங்குலம் கீழே இருக்க வேண்டும். வெளி 'ப'வின் அடி, அந்தப் பக்கவாய்க்கு இன்னும் 5 அங்குலம் கீழே இறங்க வேண்டும்.

முதலில் சொல்யூஷன் தடவாமல் பொருத்திப் பாருங்கள். தடவிய பிறகு பிரிக்க முடியாது. தடவும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். பக்கத்தில் பீடியோ அடுப்போ கூடாது. ஒரு நாள் காய விட்டு, வாடை போகும் வரை கழுவுங்கள். சின்ன மீன் உள்ளே போகாதபடி உள்வாயில் பிளாஸ்டிக் வலை கட்டுங்கள்.

நடு 'ப'வின் உச்சியில் ஒரு சிறு துளை போட்டு, மெல்லிய காற்றுக் குழாயை ஒட்ட வேண்டும். அதன் நுனியில் சின்ன வால்வு இருக்கட்டும். தொட்டியை நிரப்புங்கள். டீயின் மேல்வாய் வழியாக வெளி 'ப'விலும் தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு காற்றுக் குழாயை உறிஞ்சுங்கள். தண்ணீர் வந்ததும் வால்வை மூடி விடுங்கள்.

இந்தக் குழாய்க்கு ஒரு பலவீனம் உண்டு. தண்ணீரோடு வரும் காற்றுக் குமிழிகள் உச்சியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். நிறையச் சேர்ந்தால் ஓட்டம் அறுந்துவிடும். மோட்டாரோ ஏற்றிக்கொண்டே இருக்கும். குழாய் பெரிதாக இருந்தால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே அப்படி இல்லை. பெரிய குழாயில் தண்ணீர் மெதுவாக ஓடும். மெதுவாக ஓடினால் குமிழி அடித்துச் செல்லப்படாமல் தங்கிவிடும்.

எனவே ஒரு கணக்குப் போட வேண்டும். இந்தத் தொட்டியில் 1 அங்குல உயரத் தண்ணீர் என்பது 7 லிட்டர். விளிம்புக்குக் கீழே 2 அங்குலம் காலி இருக்கிறது. அதாவது 14 லிட்டர். கீழ்த் தொட்டியில் மோட்டார் வாய்க்கு மேலே 10 லிட்டர் மட்டும் இருந்தால், ஓட்டம் அறுந்தாலும் மேலே வழியாது. ஆனால் வெறுமனே ஓடினால் மோட்டார் கெட்டுவிடும். ஆகவே தினமும் ஒரு முறை காற்றுக் குழாயை உறிஞ்சியபடியே வால்வைத் திறந்து, உச்சியில் சேர்ந்த காற்றை எடுங்கள். தண்ணீர் வந்ததும் வால்வை மூடுங்கள்.

மோட்டார் தண்ணீர் விடும் குழாயின் நுனி தொட்டித் தண்ணீருக்குள் முங்கியிருந்தால், கரண்ட் போனதும் தண்ணீர் அது வழியாகவும் திரும்பி இறங்கும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே அந்தக் குழாயில் ஒரு சிறு துளை போடுங்கள். மட்டம் துளைக்கு இறங்கியதும் காற்று புகுந்து ஓட்டத்தை நிறுத்திவிடும். துளையில் பாசி அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மீன் விடுவதற்கு முன் வெறும் தண்ணீரில் ஓட்டிப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள். ஐந்து நிமிடம் கழித்து மாட்டுங்கள். இப்படிப் பத்துத் தடவை செய்யுங்கள். பத்துத் தடவையும் தண்ணீர் தானாக நின்று, தானாக ஓட வேண்டும். ஒரு தடவை தவறினாலும் டீயின் உயரத்தை மறுபடி அளந்து பாருங்கள்.