ஆயில் விளக்கு எரிகிறதா? உடனே நிறுத்துங்கள்!

கம்ப்யூட்டர் இதழில் காருக்கு என்ன வேலை என்று நினைக்கிறீர்களா? இருக்கிறது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பாடம், திரையில் வரும் எச்சரிக்கைச் செய்தியைப் படிக்காமல் மூடாதீர்கள் என்பதுதான். அந்தப் பாடத்தை ஊருக்கெல்லாம் சொல்லும் நான், என் காரில் எரிந்த ஒரு சின்ன சிவப்பு விளக்கைப் படிக்காமல் விட்டேன். அந்தக் கதையையும், அந்த விளக்கு எப்படி வேலை செய்கிறது என்பதையும் இங்கே பார்ப்போம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாபநாசத்தில் குளித்து, கோவிலுக்குப் போய்விட்டு, திருநெல்வேலிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அம்பாசமுத்திரத்தில் ஒரு வளைவில் திரும்பியபோது டேஷ்போர்டில் எண்ணெய்க் குப்பி போன்ற படம் ஒரு நொடி மினுக்கி அணைந்தது. "பழைய வண்டி, வயர் லூஸாக இருக்கும்" என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். தாமிரபரணிப் பாலம் தாண்டி, கல்லிடைக்குறிச்சிக்குள் ஒரு திருப்பத்தில் மீண்டும் எரிந்தது. இம்முறை அணையவில்லை.

"ஏங்க, நிறுத்துங்க. அது செவப்பால்ல எரியுது" என்றார் மனைவி.

"சென்சார் கோளாறாக இருக்கும். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்றேன். அவர் விடவில்லை. முணுமுணுத்துக்கொண்டே ஒரு மரத்தடியில் ஓரங்கட்டி, இன்ஜினை ஆஃப் செய்தேன். அந்த ஒரு பேச்சு என் இன்ஜினைக் காப்பாற்றியது என்பது பிறகுதான் தெரிந்தது.

எண்ணெய்க்கு ஏன் அழுத்தம்?

இன்ஜினின் அடியில் ஒரு தட்டு உண்டு. ஆயில் அங்கேதான் தேங்கி நிற்கும். இன்ஜின் சுற்றும்போது அதனுடன் சேர்ந்து சுற்றும் ஒரு பம்ப், அந்த ஆயிலை உறிஞ்சி, ஃபில்டர் வழியாக, சிறு சிறு துளைகளின் மூலம் எல்லாப் பாகங்களுக்கும் தள்ளும். கிராங்க் ஷாஃப்ட் என்ற கனமான தண்டு, பேரிங்குகளுக்குள் சுற்றுகிறது. நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் ஒரு நொடிக்கு 50 சுற்று! தண்டும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடாமல் காப்பது நடுவில் இருக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலம்தான். பம்ப் தள்ளும் ஆயில் நின்றால் படலம் கிழியும். உலோகம் உலோகத்தோடு உரசிச் சூடேறி, கடைசியில் இன்ஜின் இறுகி நின்றுவிடும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இந்த விளக்கு ஆயிலின் அளவைக் காட்டும் விளக்கு அல்ல. அழுத்தத்தைக் காட்டும் விளக்கு. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். அணை நிறையத் தண்ணீர் இருந்தாலும் கால்வாய் அடைத்துக்கொண்டால் கடைமடை வயலுக்குத் தண்ணீர் போகாது. அதுபோல, தட்டு நிறைய ஆயில் இருந்தும் பம்ப் தேய்ந்திருந்தால் விளக்கு எரியும். ஆயில் குறைந்து, வளைவில் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சினாலும் விளக்கு எரியும். திருப்பங்களில் மட்டும் என் விளக்கு மினுக்கியதற்குக் காரணம் இதுதான்.

விளக்கின் பின்னால் இருப்பது ஒரு சுவிட்ச்

கட்டைவிரல் அளவுள்ள ஒரு சின்ன உலோகப் பொருள் இன்ஜினில் மரையிட்டுப் பொருத்தப்பட்டிருக்கும். அதற்குள் ஒரு மெல்லிய தகடு, ஒரு ஸ்பிரிங், இரண்டு மின் முனைகள். அவ்வளவுதான். அழுத்தம் இல்லாதபோது ஸ்பிரிங் முனைகளைச் சேர்த்து வைத்திருக்கும். விளக்கிலிருந்து வரும் ஒரே வயர், இந்த முனைகள் வழியாக இன்ஜினின் உடலைத் தொட்டு எர்த் ஆகும். விளக்கு எரியும். ஆயில் அழுத்தம் வந்ததும் தகடு ஸ்பிரிங்கை எதிர்த்துத் தள்ளும். முனைகள் பிரியும். விளக்கு அணையும்.

சாவியை ஆன் செய்ததும், இன்ஜின் ஓடுவதற்கு முன் இந்த விளக்கு ஏன் எரிகிறது என்பது இப்போது புரிகிறதா? இன்ஜின் ஓடவில்லை, அழுத்தம் இல்லை, ஆகவே எரிகிறது. கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் அது மெமரி, கீபோர்டு எல்லாவற்றையும் தானே சோதித்துக்கொள்கிறதே, போஸ்ட் என்பார்களே, அதுபோல இது காரின் சோதனை. சாவி ஆன் செய்தும் விளக்கு எரியவில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். பல்ப் போயிருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம். நாளைக்கு ஆபத்து வந்தாலும் அந்த விளக்கு உங்களுக்குச் சொல்லாது.

ஒரு பிட்டும் பல பிட்டும்

இந்தச் சுவிட்சுக்குத் தெரிந்தது இரண்டே பதில்: ஆம், இல்லை. கம்ப்யூட்டர் மொழியில் சொன்னால் ஒரு பிட். 0 அல்லது 1.

திருநெல்வேலியில் குறுக்குத்துறை முருகன் கோவில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வந்தால் கோவில் மூழ்கும். 2023 டிசம்பர் வெள்ளத்திலும் மூழ்கியது. கோவில் மூழ்கிவிட்டது என்று கேட்டால் ஆற்றில் வெள்ளம் என்று ஊருக்கே புரியும். அது சுவிட்ச். ஆனால் பாபநாசம் அணை நீர்மட்டம் 143 அடியில் இன்று எத்தனை அடி என்று செய்தித்தாளில் தினமும் போடுகிறார்களே, அது மீட்டர். முதலாவது, எல்லை தாண்டிய பிறகுதான் சொல்லும். இரண்டாவது, எல்லை நெருங்கி வரும்போதே சொல்லும்.

காரின் சுவிட்ச் எந்த எல்லையில் பேசும் தெரியுமா? பெரும்பாலான கார்களில் அழுத்தம் சுமார் 4 முதல் 7 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இறங்கினால்தான். கார் டயரில் நாம் அடிக்கும் காற்றே 30 பி.எஸ்.ஐ. அளவில் இருக்கும்! ரோட்டில் ஓடும்போது ஆயில் அழுத்தம் பொதுவாக 30 முதல் 60 பி.எஸ்.ஐ. வரை இருக்க வேண்டும். அது 50-லிருந்து 10-க்கு இறங்கினாலும் இந்தச் சுவிட்ச் வாயைத் திறக்காது. ஆகவே அது எரியும்போது "இனிமேல் ஆபத்து வரலாம்" என்று அர்த்தமல்ல. "ஆபத்து வந்துவிட்டது" என்று அர்த்தம்.

சில புதிய கார்களில் சுவிட்சுக்குப் பதிலாக உண்மையான சென்சார் உண்டு. இதற்கு 5 வோல்ட் மின்சாரம் கொடுப்பார்கள். அழுத்தத்துக்கு ஏற்ப இது 0.5 முதல் 4.5 வோல்ட் வரை திருப்பி அனுப்பும். காரின் கம்ப்யூட்டரான ஈ.சி.யு. அதை எண்ணாக மாற்றும். 10 பிட் கணக்கில் 0 முதல் 1023 வரை எண்கள். 2.5 வோல்ட் வந்தால் சுமார் 512 என்று எடுத்துக்கொள்ளும்.

ஏன் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்காமல் 0.5 வோல்ட்டிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்? இதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. 0.5 என்றால் அழுத்தம் இல்லை. அதற்கும் கீழே போனாலோ, 4.5-க்கு மேலே போனாலோ சென்சாரோ வயரோ பழுது. நம் பழைய சுவிட்சுக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லத் தெரியாது. ஈ.சி.யு. சொல்லும். ஓ.பி.டி.2 என்ற பொது முறையில் பி0520 என்ற கோடு வந்தால் சென்சார் அல்லது அதன் மின் இணைப்பில் கோளாறு. பி0524 வந்தால் ஆயில் அழுத்தமே குறைவு. அமெரிக்காவில் 1996 முதல் இந்த முறை கட்டாயம். இந்தியக் கார்களில் 2010-களில் படிப்படியாக வந்தது. புளூடூத் ரீடர் ஒன்றை வாங்கி மாட்டினால் செல்போனிலேயே கோடுகளைப் படிக்கலாம். ஆனால் சுவிட்ச் மட்டும் உள்ள சின்னக் கார்களில் ஆயில் அழுத்தத்தின் அளவு அதில் தெரியாது. அங்கே விளக்குதான் எல்லாம்.

மரத்தடியில் நடந்தது

கடைத்தெருவில் விசாரித்ததில் ஒரு மெக்கானிக் டி.வி.எஸ். 50-யில் வந்து சேர்ந்தார். டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். நுனியில் மட்டும் லேசான ஈரம்.

"லைட்டு எரிஞ்ச பொறவு எவ்வளவு தூரம் ஓட்டுனிய தம்பி?"

"நூறு மீட்டர் இருக்கும் அண்ணாச்சி. ஆனா அம்பாசமுத்திரத்துலயே ஒரு தடவை மினுக்குச்சு."

"அப்பமே நிப்பாட்டியிருக்கணும்லா! வீரவநல்லூரு வரைக்கும் போயிருந்தியன்னா இன்ஜின இறக்க வேண்டியதுதான்."

பிறகு என் சந்தேகத்துக்காக ஒரு சோதனை செய்து காட்டினார். இன்ஜின் ஓடாமல் சாவி மட்டும் ஆன். சுவிட்சிலிருந்து வயரைக் கழற்றினார், விளக்கு அணைந்தது. வயரை இன்ஜின் உடலில் தொட வைத்தார், எரிந்தது. பல்பும் வயரும் சரியாக இருக்கின்றன என்று தெரிந்துவிட்டது. அப்புறம் டார்ச் அடித்துச் சுவிட்சைக் காட்டினார். அதைச் சுற்றிலும் ஒரே எண்ணெய்! சுவிட்சின் விளிம்பில் கசிவு. பல வாரங்களாக அதன் வழியாகத்தான் ஆயில் சொட்டுச் சொட்டாகப் போயிருக்கிறது.

ஆக, "சென்சார் கோளாறு" என்று நான் சொன்னது ஒரு வகையில் சரிதான். ஆனால் கெட்டுப்போன அந்தச் சுவிட்சே சொன்ன செய்தி உண்மை. சில நூறு ரூபாயில் புதுச் சுவிட்சும் ஆயிலும் போட்டு முடிந்தது. மாதம் ஒருமுறை டிப்ஸ்டிக்கைப் பார்க்கும் பழக்கம் எனக்கு இருந்திருந்தால் அந்தச் செலவுகூட இவ்வளவு பதற்றத்தோடு வந்திருக்காது.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. சாவியை ஆன் செய்ததும் விளக்கு எரிகிறதா, ஸ்டார்ட் ஆன சில நொடிகளில் அணைகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

2. ஓடும்போது எரிந்தால் பாதுகாப்பாக ஓரங்கட்டி, வண்டி நின்றதும் இன்ஜினை ஆஃப் செய்யுங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதித்து விளக்கை அணைக்கப் பார்க்காதீர்கள்.

3. சமதளத்தில் சில நிமிடங்கள் விட்டு, டிப்ஸ்டிக்கைத் துடைத்து அளவு பாருங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுவில் இருக்க வேண்டும்.

4. குறைவாக இருந்தால் சரியான கிரேடு ஆயிலை ஊற்றுங்கள். ஸ்டார்ட் செய்தும் விளக்கு அணையவில்லை என்றால் உடனே ஆஃப் செய்துவிடுங்கள்.

5. அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் ஓட்ட வேண்டாம். மெக்கானிக் சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் மீட்டர் மாட்டி அழுத்தத்தை அளந்து பார்ப்பார். சுவிட்ச் பழுதா, இன்ஜின் பழுதா என்று அப்போதுதான் தெரியும்.

கம்ப்யூட்டருக்கும் இதே கதைதான். ஹார்ட் டிஸ்க் பழுதாகப்போகிறது, பேக்கப் எடுங்கள் என்று ஆன் செய்தவுடன் திரையில் ஒரு வரி வந்தால், எஃப்1 அழுத்திவிட்டுத் தாண்டிப் போகிறவர்கள் எத்தனை பேர்! செய்தி பொய்யாக இருக்கலாம். ஆனால் அது பொய் என்பதை நிறுத்திப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஓடிக்கொண்டே முடிவு செய்யக் கூடாது. இப்போதெல்லாம் நான் சாவியைத் திருப்பியதும் முதலில் பார்ப்பது அந்தச் சின்ன எண்ணெய்க் குப்பியைத்தான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் பார்க்கிறார்.