பால்மரமும் ஆரஞ்சுத் தோலும்

சீனப் பெருநாளுக்குச் செகிஞ்சான் ஊர்க் கடைக்காரர்கள் கொடுத்தனுப்பும் ஆரஞ்சுப் பழங்கள் எங்கள் ரப்பர் தோட்ட லயத்துக்கு வந்து சேர்ந்த ஒரு மாலையில், பழத்தை உரித்த ஈரக்கையோடு ஒரு சிறுவன் பலூனைத் தொட்டான். ஊசி படாமலே அது வெடித்தது. வாழ்நாளெல்லாம் பால்மரம் சீவிய குடும்பத்தில் பிறந்தும், அந்த வெடிப்பின் காரணம் ரப்பருக்கும் பழத்தோலுக்கும் உள்ள உறவுதான் என்பதை வெகுகாலம் கழித்தே நான் அறிந்தேன்.

ஆரஞ்சு, எலுமிச்சை வகைகளின் தோலில் கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிகிறவை எல்லாம் எண்ணெய்ப் பைகளே. தோலை மடித்து மெழுகுவர்த்திச் சுடரருகே பிதுக்கினால் பொறி பறப்பது அந்த எண்ணெய் எரிவதனால்தான். அதில் மிகுந்திருப்பது லிமோனின் என்ற பொருள். 1860-ல் கிரெவில் வில்லியம்ஸ் என்ற ஆங்கில ரசாயனி ரப்பரைக் காய்ச்சி வடித்து, ஐசோபிரீன் என்ற இலேசான திரவத்தைப் பிரித்தெடுத்தார். அந்த ஐசோபிரீன் ஆயிரக்கணக்கில் சங்கிலியாகக் கோத்துக்கொண்டால் ரப்பர். இரண்டே இரண்டு கூடினால் லிமோனின். ஒரே செங்கல்லில் கட்டிய மாளிகையும் குடிசையும் போன்றவை அவை. இனம் இனத்தைக் கரைக்கும் என்ற நியாயப்படி, பழத்தோல் எண்ணெய் பலூனின் மெல்லிய சவ்வை இளக்கிவிடுகிறது. புட்டியில் ஒட்டிய காகிதத்தின் பசையையும், சைக்கிள் சங்கிலியின் பழைய மசகையும் அது நீக்குவதும் இந்தக் குணத்தாலேயே.

எலுமிச்சை வகையைச் சேர்ந்த நம் வேலியோரத்து லீமாவ் பூருட்டின் விசேஷமோ இலையில் இருக்கிறது. ஒன்றன் தலையில் ஒன்று ஒட்டியதுபோல் இரட்டையாகத் தோன்றும் அந்த இலையைக் கசக்கினால் எழும் பரிமளம் பெரும்பாலும் சிட்ரோனெல்லாலுடையது. காயின் தோலில் வேறு சேர்மானம், வேறு மணம். இலையைத் தண்ணீரிலிட்டுக் கொதிக்கவைத்து, ஆவியைக் குளிர்ந்த குழாய் வழியே இறக்கினால், தண்ணீரின் மேல் மெல்லிய ஏடாக மிதந்து நிற்பதே தைலம். கொசுக்கள் இந்த மணத்தை வெறுப்பது மெய். ஆயினும் அது விரைவில் ஆவியாகிப் போவதால், டெங்கி நடமாடும் இடங்களில் இதை மட்டும் நம்பியிராமல், தேங்கிய தண்ணீரைக் கொட்டிக் கவிழ்ப்பதே பிரதானம். மலாய்ப் பெண்களைப் போல் இக்காயால் தலை அலசுவது சுகமானது. முடி வளர்க்கும் என்று சொல்ல மட்டும் எனக்குத் துணிவில்லை.

இந்த இலைத் தைலத்தை மருந்தென்று குடிக்கக் கொடுப்பவர்களைக் கண்டால் எனக்கு மனம் பதைக்கிறது. ஒரு துளியில் எத்தனையோ இலைகளின் சாரம் அடங்கியிருக்கிறது; குழந்தைகள் கைக்கு எட்டாமலும், பூனை நக்காமலும் வைத்திருக்க வேண்டிய பொருள் அது. உடம்பில் பூச நினைப்பவர்கள் 100 மில்லி தேங்காயெண்ணெயில் 1 மில்லி, அதாவது ஏறக்குறைய 20 சொட்டு இலைத் தைலத்துக்குமேல் கலக்கலாகாது. அதையும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒருநாள் பார்த்திருந்து, அரிப்பில்லை என்று கண்ட பிறகே பயன்படுத்த வேண்டும். எலுமிச்சைத் தோலைப் பிழிந்தெடுத்த எண்ணெயில் இன்னொரு அபாயமும் உண்டு: அதிலுள்ள சில பொருள்கள் வெயில் பட்டதும் தோலைச் சுட்டுக் கொப்புளமாக்கி, வாரக்கணக்கில் கருந்தழும்பை விட்டுச் செல்லும். எலுமிச்சம்பழம் பிழிந்த கையைக் கழுவாமல் செகிஞ்சான் வயல்வெயிலில் இறங்குகிறவர்களுக்கும் இது நேரக்கூடியதே. ஆவியில் வடித்த தைலத்தில் அந்தக் கனமான பொருள்கள் அநேகமாக ஏறிவருவதில்லை.

பழைய தைலத்திலும் கவனம் வேண்டும். காற்றுப் பட்டுப்பட்டு லிமோனின் மாறுதலடைந்தால், முன்பு தொந்தரவு செய்யாத தோலிலும் அரிப்பை உண்டாக்கும். ஆகையால் சிறிய பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் நிரம்ப ஊற்றி, இறுக மூடி, அடுப்புக்கும் சாமி விளக்குக்கும் தூரமாக வையுங்கள். குழம்புக்கு மணம் வேண்டுமானால் தைலப் புட்டியைத் திறக்க வேண்டாம். வேலியோரம் போய், முள் குத்தாமல், இரண்டு இலை கிள்ளி வந்தால் போதும்.