“என்ன கலர் சட்டை?” பதில் சொல்ல முடியாமல் தவிக்கும் பெற்றோர்

காணாமல் போகும் குழந்தையை மீட்க உதவும் ஒரு தாள்

“பையன் என்ன கலர் சட்டை போட்டிருந்தான்?”

போலீஸ்காரர் கேட்கிறார். எதிரே நிற்கும் தாய் திகைத்துப் போகிறார்.

“நீலம்... இல்லீங்க சார், பச்சை. காலையில அவன் பாட்டிதான் போட்டு விட்டாங்க...”

“உயரம்?”

“என் இடுப்புக்கு வருவான் சார்.”

“உடம்புல மச்சம், தழும்பு ஏதாச்சும்?”

தாய் தகப்பனைப் பார்க்கிறார். தகப்பன் தாயைப் பார்க்கிறார். பெற்று வளர்த்த பிள்ளைதான். தினமும் குளிப்பாட்டி விடும் பிள்ளைதான். ஆனால் மச்சம் இடது தோளிலா, வலது தோளிலா? நெஞ்சு படபடக்கும் நேரத்தில் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை!

“போட்டோ இருக்கா?”

செல்போனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கிறார்கள். நூற்றுக்கணக்கில் படம் இருக்கிறது. ஒன்றில் பையன் முகம் முழுக்க கேக். இன்னொன்றில் கூலிங் கிளாஸ். முகம் தெளிவாகத் தெரிகிற படமோ இரண்டு வருடத்துக்கு முன்பு எடுத்தது.

தியாகராயநகர் ரங்கநாதன் தெருவின் தீபாவளி நெரிசலானாலும் சரி, காணும் பொங்கல் அன்று மெரினா மணலானாலும் சரி, குழந்தையைத் தவறவிட்ட எந்தப் பெற்றோருக்கும் இந்தத் தவிப்பு வரலாம். தேட வேண்டிய அருமையான நேரம், யோசிப்பதிலேயே போய்விடும்.

இதற்கு வழி இருக்கிறது. பெரிய செலவு இல்லை. ஒரு தாள், ஒரு போட்டோ, அரை மணி நேரம். அவ்வளவுதான்!

மச்சம் எங்கே?

பள்ளிக்கூட டி.சி.யில் அங்க அடையாளங்களுக்கு என்று ஓர் இடம் உண்டு. எந்த இடத்தில் மச்சம், எந்த இடத்தில் தழும்பு என்று அதில் எழுதுவார்கள். அதே வேலையை வீட்டில் கொஞ்சம் விரிவாகச் செய்ய வேண்டும். பதற்றம் இல்லாத ஒரு நாளில் குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எழுத வேண்டியவை இவை:

* முழுப்பெயர், வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயர், பிறந்த தேதி. “கண்ணன்” என்று எழுதிவிட்டு, குழந்தைக்கு “குட்டி” என்றால் மட்டுமே திரும்பிப் பார்க்கத் தெரியும் என்றால், தேடுகிறவர் என்ன செய்வார்?

* உயரம், எடை, நிறம், தலைமுடி. உயரத்தைச் சென்டிமீட்டரில் எழுதினால் குழப்பம் வராது.

* மச்சம், தழும்பு, பிறவி அடையாளம். உடம்பின் எந்தப் பக்கம் என்பது முக்கியம். காது குத்தியிருக்கிறதா, கண்ணாடி போடுகிறதா, பல் வரிசை எப்படி என்பதையும் சேர்க்க வேண்டும்.

* ரத்தப் பிரிவு, வலிப்பு, ஆஸ்துமா போன்ற நோய்கள், வேளா வேளைக்குக் கொடுக்கும் மருந்து. வாய் பேசாத, காது கேளாத அல்லது மனவளர்ச்சி குன்றிய குழந்தை என்றால், எதைக் கண்டு பயப்படும், எதைக் கொடுத்தால் சமாதானம் ஆகும் என்பதையும் எழுத வேண்டும்.

* பேசும் மொழி, போய் வரும் இடங்கள், நெருங்கிய சிநேகிதர்களின் பெற்றோர் போன் நம்பர்.

* பையனோ பெண்ணோ பெரியவர்களாகி, கையில் செல்போன் இருந்தால் அதன் ஐ.எம்.இ.ஐ. எண். போனில் *#06# என்று அழுத்தினால் தெரிந்துவிடும்.

போட்டோ எப்படி?

கல்யாண ஆல்பத்தில் இருந்து வெட்டி எடுக்கும் படம் உதவாது. பகல் வெளிச்சத்தில், தொப்பியோ கண்ணாடியோ மேக்கப்போ இல்லாமல், முகத்தை நேராக ஒரு படம். பக்கவாட்டில் ஒன்று. தலை முதல் கால் வரை ஒன்று. எப்போதும் கண்ணாடி போடுகிற குழந்தை என்றால் கண்ணாடியோடு இன்னொன்று. செல்போனில் முகத்தை அழகாக்கும் வித்தைகள் எதுவும் வேண்டாம்!

குழந்தை முகம் நாளுக்கு நாள் மாறும். முன்பல் இரண்டு விழுந்தாலே ஆளே வேறு மாதிரி தெரியும். மொட்டை அடித்துவிட்டால் கேட்கவே வேண்டாம். எனவே சின்னக் குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறையும், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் தோறும் படத்தையும் உயரத்தையும் புதுப்பிக்க வேண்டும். வாசல் நிலையில் பென்சில் கோடு போட்டு, “பாரு, எவ்ளோ வளர்ந்துட்டே” என்று சொல்லும் வழக்கம் இருக்கிறதே, அந்தக் கோட்டை அப்படியே தாளில் குறித்தால் போதும்.

வெளியே கிளம்பும்போது இன்னொரு காரியம். வாசலைத் தாண்டும் முன்பு குழந்தையைச் செல்போனில் ஒரு படம் எடுத்துவிட்டால், “என்ன கலர் சட்டை?” என்ற கேள்விக்கு உடனே பதில் கிடைத்துவிடும்.

ஊர் பெயர் தெரியாத சிறுவன்

பெற்றோருக்கு விவரம் தெரிந்தால் மட்டும் போதாது. குழந்தைக்கும் சொல்லத் தெரிய வேண்டும். இதற்கு உலகம் அறிந்த உதாரணம், மத்தியப்பிரதேச மாநிலம் காண்டுவாவைச் சேர்ந்த சரூ பிரையர்லி.

1986-ம் ஆண்டு, 5 வயதில், அண்ணனோடு புர்ஹான்பூர் ரெயில் நிலையத்துக்குப் போன சிறுவன், தனியாக ஒரு ரெயிலில் ஏறித் தூங்கிவிட்டான். போய்ச் சேர்ந்த இடம் கொல்கத்தாவின் ஹவுரா!

ஊர் எது என்று கேட்டால், குடியிருந்த கணேஷ் தலாய் என்ற பகுதியின் பெயரை மழலையில் குழப்பிச் சொன்னான். யாருக்கும் புரியவில்லை. ஷேரு என்ற சொந்தப் பெயரைக்கூட சரூ என்றுதான் சொல்லத் தெரிந்தது. 1987-ல் ஆஸ்திரேலியத் தம்பதி ஒன்று அவனைத் தத்து எடுத்துக்கொண்டது. வளர்ந்து ஆளான பிறகு கூகுள் எர்த் படங்களில் ரெயில் பாதைகளைத் தேடித் தேடி, 2012-ல் தாயைக் கண்டுபிடித்தார். இடையில் ஓடிப்போனது 25 ஆண்டுகள்!

“அப்பா பேரு அப்பா, வீடு பிள்ளையார் கோவில் பக்கத்துல” என்று சொல்லும் குழந்தைகள் நம் வீடுகளிலும் உண்டு. பெற்றோர் பெயர், ஊர், தெரு, ஒரு போன் நம்பர். இந்த நான்கையும் பாட்டாகவே சொல்லிக்கொடுத்துவிடலாம்.

புத்தகப் பையின் மேல் பெரிதாகப் பெயர் எழுதுவதைத் தவிர்க்க வேண்டும். முன்பின் தெரியாதவன்கூட பெயர் சொல்லிக் கூப்பிட அது வழி வகுக்கும். போன் நம்பரைப் பையின் உள்பக்கம் எழுதுவதே நல்லது. காணும் பொங்கலுக்கு மெரினா வரும் குழந்தைகளின் கையில் போலீசார் போன் நம்பர் எழுதிய பட்டையைக் கட்டிவிடுகிறார்கள். திருவிழா, கண்காட்சி எங்கே போனாலும் இதைப் பெற்றோரே செய்யலாம்.

“நாளைக்கு வாங்க” செல்லாது

குழந்தையைக் காணவில்லை என்றால் 24 மணி நேரம் கழித்துத்தான் புகார் கொடுக்கலாம் என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். இது தவறு! அப்படி ஒரு விதியே கிடையாது.

கைலாஷ் சத்யார்த்தி தொடங்கிய பச்பன் பச்சாவோ அந்தோலன் அமைப்பு தொடர்ந்த வழக்கில், 2013-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகச் சொல்லிவிட்டது. குழந்தை காணாமல் போன ஒவ்வொரு புகாருக்கும் எப்.ஐ.ஆர். போட வேண்டும். கடத்தலாக இருக்கலாம் என்ற கோணத்திலேயே விசாரணையைத் தொடங்க வேண்டும்.

“இது எங்க எல்லை இல்லை” என்றும் திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். எப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

உடனே போன் செய்ய வேண்டிய எண்கள்: போலீஸ் உள்ளிட்ட அவசர உதவிக்கு 112. குழந்தைகள் உதவிக்கு 1098. ரெயில் என்றால் 139.

குழந்தை கிடைத்தால்?

கடை வாசலில் ஒரு குழந்தை தனியாக நின்று அழுகிறது. பரிதாபப்பட்டு வீட்டுக்குக் கூட்டிப்போய், “யாராவது தேடி வருவாங்க” என்று வைத்துக்கொள்வது நல்ல மனதுதான். ஆனால் சட்டப்படி குற்றம் ஆகிவிடும்! 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, தனியாகக் கிடைத்த குழந்தையைப் பற்றி 24 மணி நேரத்துக்குள் போலீசுக்கோ 1098-க்கோ குழந்தைகள் நலக் குழுவுக்கோ தெரிவிக்க வேண்டும். மறைத்தால் 6 மாதம் வரை ஜெயில் அல்லது 10 ஆயிரம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

கிடைத்த இடத்திலேயே குழந்தையைச் சிறிது நேரம் நிறுத்தி வைத்து, தண்ணீர் கொடுத்து, 1098-க்குப் போன் செய்வதே சரி. தேடி வரும் தாய் முதலில் ஓடி வருவது அந்த இடத்துக்குத்தான்.

ஆதாரும் அவசியம்

காப்பகங்களில் இருந்த குழந்தைகளுக்கு ஆதார் எடுக்கப் போனபோது, “ஏற்கனவே பதிவாகி இருக்கிறது” என்று வந்து, அதை வைத்தே பெற்றோரைக் கண்டுபிடித்த சம்பவங்கள் நாட்டில் பல நடந்திருக்கின்றன. ஆனால் 5 வயதுக்குள் எடுக்கும் ஆதாரில் கைரேகை இருக்காது. 5 வயது முடிந்ததும் ஒரு முறையும், 15 வயது முடிந்ததும் ஒரு முறையும் கைரேகை, கருவிழியைப் பதிவு செய்தாக வேண்டும். இதைத் தள்ளிப்போடுகிற பெற்றோர் ஒரு நல்ல பாதுகாப்பை இழக்கிறார்கள்.

எழுதிய தாளை பேஸ்புக்கிலோ வாட்ஸ்-அப் குழுவிலோ போடக்கூடாது. ரேஷன் கார்டு இருக்கும் அதே உறையில் வைத்து, ஒரு நகலைத் தாத்தா-பாட்டி அல்லது நம்பிக்கையான உறவினரிடம் கொடுத்து வைக்கலாம். காணாமல் போன குழந்தையின் படத்தை வாட்ஸ்-அப்பில் அனுப்பியவர்கள், குழந்தை கிடைத்ததும் அதையும் சொல்லிப் படத்தை அழிக்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வீட்டில் பத்திரமாக இருக்கும் பிள்ளையை ஊர் வருடக்கணக்கில் தேடிக்கொண்டே இருக்கும்!

இன்று வீடு போய்ச் சேர்ந்ததும், சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் ஒதுக்கினால் வேலை முடிந்துவிடும். தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு, முதலில் பிள்ளையின் தோளைப் பாருங்கள். மச்சம் எந்தப் பக்கம்?