ஹாலி கார்புரேட்டரைச் சீராக்கும் முறை

1960களின் அமெரிக்க மசில் கார்கள் பலவற்றில் எஞ்சினுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து ஊட்டியது நான்கு துளை ஹாலி கார்புரேட்டர். பெட்ரோல் முழுதாக எரிய, எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் வேண்டும். முழு வேகத்தில் பெட்ரோல் சற்றுக் கூடும்.

இக்னிஷன் டைமிங்கையும் காற்றுக் கசிவையும் சரிபார்க்காமல் கார்புரேட்டரில் கை வைப்பது வீண் வேலை. பலர் தடுமாறுவது இங்கேதான். பிறகு மிதவை மட்டம். எஞ்சின் ஓடும்போது மிதவைக் கிண்ணத்தின் பக்கவாட்டுத் திருகைக் கழற்றினால், பெட்ரோல் துளையின் அடிவிளிம்பைத் தொட்டு நிற்க வேண்டும். சூடான எஞ்சின்மேல் சொட்டாதபடி கீழே துணி பிடிப்பது அவசியம்.

ஐட்லிங் கலவைத் திருகுகளை, எஞ்சினை நிறுத்திவிட்டு, மெல்ல உள்ளே உட்காரவைத்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுக்க வேண்டும். இறுக்கினால் ஊசிமுனையில் தழும்பு விழும். அப்புறம் எந்த ட்யூனிங்கும் நிற்காது. பிறகு எஞ்சினை மீண்டும் ஓடவிட்டு, சூடானதும் வேக்குவம் கேஜை இணைத்து, ஒவ்வொரு திருகையும் எட்டில் ஒரு சுற்றாகத் திருப்ப, முள் மெல்ல ஏறும், ஓரிடத்தில் நிற்கும், பிறகு இறங்கும். அது உச்சத்தில் நின்ற இடமே சரியான இடம். எல்லாத் திருகுகளும் ஒரே அளவில் இருப்பது நல்லது. கடைசியாக ஐட்லிங் வேகத்தைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும்.

ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதிக்கும்போது எஞ்சின் திக்கினால், பெரும்பாலும் ஆக்ஸிலரேட்டர் பம்ப்பின் நெம்புகோலில் இடைவெளி இருக்கும். ஓட்டிய பின் ஸ்பார்க் பிளக் கரிபடிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் குறைவு, அப்போது பெரிய ஜெட் (பெட்ரோலை அளந்துவிடும் துளை) தேவைப்படும்.