செய்தித்தாளும் குடிப்பெயரும்

செய்தித்தாள் நிகழ்ச்சியைக் கூறுங்கால் அதற்குரியாரை ஒரு பெயரால் சுட்டுதல் வேண்டும். வழக்கிலுள்ள பெயரைக் கொள்ளுமிடத்து அது சமுதாயத்தைக் காட்டுகின்றது. புதுப்பெயர் தருமிடத்துச் சமுதாயத்தை ஆக்குகின்றது. இவ்விரு நிலைகளையும் தஞ்சைக் காவிரிப் படுகையின் உழவுத் தொழிலாளர் வரலாற்றோடு பொருத்தி ஈண்டு ஆராய்வோம்.

பெயரைப் பற்றிய போராட்டம் முதலில் சென்னையில் இதழ்வழி எழுந்தது. 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கினார். பிறர் இழிவாகக் கூறிய பெயரையே தலைப்பாக்கி நிமிர்ந்து நிற்றல் அவர் நெறி. 1907-இல் அயோத்திதாசர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ அடுத்த ஆண்டில் ‘தமிழன்’ எனப் பெயர் பெற்றது. இழிபெயரைக் களைந்து, சாதி பேதமற்ற திராவிடர் என்னும் பெயரை நிலைநாட்டல் அவர் நெறி. நெறி வேறாயினும், தம் பெயரைத் தாமே இடும் உரிமை இருவர்க்கும் பொதுவான குறிக்கோளாதல் காண்க.

தஞ்சையில் இவ்வுரிமை நெல்வயலில் சோதிக்கப்பெற்றது. 1952-ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டம் ‘பண்ணையாள்’ என்றே வழங்கிற்று. ஆள் ஒருவர்க்கு உடைமை என்னும் குறிப்பு அச்சொல்லில் உண்டு. பொதுவுடைமை இயக்கத்தாரோ ‘விவசாயத் தொழிலாளர்’ என்றனர். இதனால் அடிமை நிலை நீங்கிக் கூலி கேட்கும் உரிமை சொல்லிலேயே அமைந்தது. நிலவுடைமையாளர் தம் சங்கத்திற்கு ‘நெல் உற்பத்தியாளர்’ எனப் பெயரிட்டனர். நாற்று நட்டுக் கதிரறுத்தோர் அப்பெயருள் அடங்காமை நோக்கத்தக்கது.

1968 டிசம்பர் 25-ஆம் நாளிரவு கீழ்வெண்மணியில் பெண்டிரும் குழந்தைகளும் உள்ளிட்ட 44 பேர் குடிசையொன்றில் தீயிட்டுக் கொல்லப்பட்டனர். நாளிதழ்கள் பல, இதனை விவசாயிகளிடையே எழுந்த மோதல் என்னும் வாய்பாட்டிலேயே முதலில் தந்தன. மோதல் எனின் இரு திறத்தாரும் ஒத்த நிலையினர் என்பது பெறப்படும். விவசாயி எனின் நிலமுடையாரும் நிலமிலாரும் ஒருங்கே அடங்குவர். மாண்டோரின் சாதி முற்றும் மறையும். கூலிப் பூசல் என்பது பொய்யன்று. ஆயின் அது பாதி உண்மையே. எரிந்தோர் தொழிலாளர், அவருள் மிகப் பெரும்பாலார் தாழ்த்தப்பட்ட குடியினர். இரண்டையும் ஒருசேரக் கூறும் சொல் அவ்வாய்பாட்டில் இடம்பெறவில்லை.

ஆகவே, பழைய செய்தித்தாளைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர், நாளும் எண்ணும் குறித்துக்கொள்வதோடு அமைதல் சாலாது. யார் யாரை எப்பெயரால் அழைத்தனர், அப்பெயரை அழைக்கப்பட்டோர் ஏற்றனரா என்பனவும் வினவுதல் வேண்டும். அவ்வினா இன்றேல், அன்று செய்தியில் மறைந்த மக்கள் நம் ஆய்விலும் மறைவர்.