எஞ்சின் சோதனை விளக்கு

எஞ்சின் சோதனை விளக்கு என்பது காரின் எஞ்சினிலோ அதன் புகையைக் கட்டுப்படுத்தும் அமைப்பிலோ கோளாறு இருப்பதாக எஞ்சின் கணினி கண்டறியும்போது எரியும் எச்சரிக்கை விளக்கு ஆகும். ஓட்டுநருக்கு எதிரே உள்ள மீட்டர் பலகையில், எஞ்சினின் வெளிவடிவம் போன்ற படமாக மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில் இது ஒளிரும். பேச்சு வழக்கில் இதனைச் 'செக் எஞ்சின் லைட்' என்பர். ஆயில் அழுத்தம் குறைந்தாலோ எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானாலோ எரியும் சிவப்பு விளக்குகள் வேறு. அவை எரிந்தால் வண்டியை உடனே ஓரங்கட்டி நிறுத்த வேண்டும்.

இன்றுள்ள வடிவில் இவ்விளக்கு பரவியதற்குக் காரணம் காற்று மாசு பற்றிய கவலையே. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாதிரி முதல் எல்லாக் கார்களிலும் 'ஓபிடி 2' என்னும் பொதுவான தற்சோதனை முறை கட்டாயமாயிற்று. பின்னர் ஐரோப்பாவும் இந்தியாவும் இத்தகைய விதிகளைக் கொண்டுவந்தன. வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே விளக்கு எரிவது ஏன் என்று பலர் குழம்புவதுண்டு. கணினி கவனிப்பது வண்டி ஓடுகிறதா என்பதை மட்டுமன்று. புகை வரம்பை மீறக்கூடுமா என்பதையும்தான்.

மினுக்கினால்

விளக்கு அணையாமல் சீராக எரிந்தால், வேறு அறிகுறி இல்லாத நிலையில், மெதுவாக ஓட்டிச் சென்று ஓரிரு நாளில் சோதிக்கலாம். விட்டுவிட்டு மினுக்கினால் நிலைமை வேறு. சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றாமல் போகிறது என்பதே அதன் பொருள். எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள வினையூக்கி மாற்றிக்குப் போய் அங்கே எரிகிறது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் பூசப்பட்ட அதன் தேன்கூடு போன்ற உட்பகுதி அந்த வெப்பத்தில் உருகிவிடலாம். ஒரு ஸ்பார்க் பிளக்கோ இக்னிஷன் காயிலோ மாற்றினால் தீர்ந்திருக்கும் சிறு செலவு, அதைப் போலப் பல மடங்கு ஆகிவிடும். ஆகவே ஆக்சிலரேட்டரை விட்டு வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துவதே நல்லது.

குறியீடு

ஸ்டீயரிங்குக்குக் கீழே, பெரும்பாலும் ஓட்டுநரின் முழங்காலருகே, 16 முனைகள் கொண்ட இணைப்பி ஒன்று இருக்கும். அதில் ஸ்கேனரைப் பொருத்தினால், கணினி பதிந்து வைத்த குறியீடு தெரியும். புளூடூத் மூலம் கைப்பேசியோடு இணையும் சிறு கருவிகளும் இதற்குப் போதும். பி0300 என்றால் பல சிலிண்டர்களில் எரிதல் தவறுகிறது. பி0420 என்றால் வினையூக்கி மாற்றியின் திறன் குறைந்துவிட்டது. கோளாறு பதிவான நொடியில் இருந்த வேகம், எஞ்சின் வெப்பம் முதலியவையும் சேமிக்கப்பட்டிருக்கும். இவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

குறியீடு எந்தப் பொருளை மாற்ற வேண்டும் என்று சொல்வதில்லை. காய்ச்சல் இருக்கிறது என்று வெப்பமானி காட்டும். எதனால் வந்தது என்று காட்டாது. பி0171 இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. எஞ்சினுக்குள் காற்று மிகுதி, பெட்ரோல் குறைவு என்பது அதன் பொருள். ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். புகையில் எஞ்சும் ஆக்சிஜனை ஆக்சிஜன் சென்சார் அளந்து சொல்ல, கணினி பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்கிறது. கூட்டிக் கூட்டியும் போதாதபோது விளக்கு எரிகிறது. உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடுவோர் உண்டு. எய்தவன் இருக்க அம்பை நோவது போன்றது அது. சென்சார் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்லியிருக்கும்.

கணினி செய்யும் இந்தத் திருத்தத்தை ஸ்கேனரில் விழுக்காடாகக் காணலாம். அது 10க்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது திருத்தம் மிக அதிகமாக இருந்து, நிமிடத்துக்கு 2500 சுற்றுக்கு உயர்த்தியதும் இறங்கினால், எங்கோ ஒரு ரப்பர் குழாய் விரிந்து, அளக்கப்படாத காற்று உள்ளே புகுகிறது எனலாம். ஐடிலிங்கில் உறிஞ்சும் விசை வலுவாக இருப்பதால் சிறு வெடிப்பும் அங்கே பெரிதாகத் தெரியும். மாறாக, வேகமும் சுமையும் கூடக்கூடத் திருத்தமும் ஏறினால், பெட்ரோல் பம்ப், ஃபில்டர், காற்றை அளக்கும் சென்சாரில் படிந்த அழுக்கு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

அழித்தல்

ஸ்கேனர் மூலம் குறியீட்டை அழித்தால் விளக்கு அணையும். கோளாறு அப்படியே இருக்கும். அதோடு சேமித்த விவரங்களும் போய்விடும். கணினி தன் சோதனைகளை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். கோளாறு உண்மையிலேயே நீங்கியிருந்தால், அடுத்தடுத்த மூன்று ஓட்டங்களில் அது மீண்டும் தென்படாதபோது பொதுவாக விளக்கு தானே அணைந்துவிடும்.

பழைய கார் வாங்குவோர் சாவியைத் திருப்பி, எஞ்சினை இயக்காமல் மீட்டர் பலகையைப் பார்க்க வேண்டும். அப்போது இவ்விளக்கு எரிய வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். முதலில் எரியவே இல்லையென்றால் பல்பு பழுதாகியிருக்கலாம், அல்லது யாராவது வேண்டுமென்றே அதை எரியவிடாமல் செய்திருக்கலாம்.