ஞாபக சக்திக்கு லேகியம் போதுமா?

"ராத்திரி ஒரு மணி வரைக்கும் கண் விழிச்சுப் படிக்கிறா டாக்டர். பரீட்சை ஹாலுக்குப் போனா எல்லாம் மறந்துடுதாம். ஞாபக சக்திக்கு ஏதாவது லேகியம் கொடுங்களேன்!" பிப்ரவரி பிறந்துவிட்டால் மயிலாப்பூர், தி.நகர் தாய்மார்களிடமிருந்து வருகிற வேண்டுகோள் இது.

வல்லாரைக்குச் சித்த மருத்துவத்தில் அந்தப் பெயர் உண்டுதான். துவையல் அரைத்துக் கொடுங்கள், நல்லது. ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் குறை மூளையில் இல்லை. படிக்கிற விதத்தில் இருக்கிறது. அதற்குள் 'மக்கு' என்று பட்டம் கட்டிவிடாதீர்கள். பாடம் மறந்தாலும் அந்தச் சொல் மறக்காது.

பாண்டி பஜாரில் எதிரே ஒருவர் வருகிறார். 'தெரிஞ்ச முகமா இருக்கே!' என்கிறீர்கள். பெயர்? வரவே வராது. ஐந்து தடவை புரட்டிய பாடமும் இப்படித்தான். புத்தகத்தைத் திறந்தால் எல்லாம் தெரிந்த முகம். கேள்வித்தாளோ பெயரைக் கேட்கிறது!

அமெரிக்க மனோதத்துவ நிபுணர்கள் ரோடிகர், கார்பிக் இருவரும் 2006-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதி மாணவர்கள் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பகுதியினர் படித்துவிட்டு, மூடி வைத்து, நினைவிலிருந்து எழுதினார்கள். 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது முதல் கோஷ்டிதான் முன்னால். ஒரு வாரம் கழித்து? எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. இதில் வேடிக்கை, 'எனக்கு நன்றாக நினைவிருக்கும்' என்று அதிகம் நம்பியவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான். உங்கள் பெண் 'எல்லாம் தெரியும்மா' என்று சொல்வது பொய்யில்லை, புரிகிறதா?

தொழிலுக்கும் இதே கதைதான். ஆள்காட்டி விரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் கபம் என்று நாடி பாடத்தை ஒரே நிமிடத்தில் ஒப்பித்துவிடலாம். ஆனால் விரலுக்கு அது பிடிபட, எத்தனையோ நோயாளிகளின் மணிக்கட்டைப் பிடித்து, தோன்றியதைச் சொல்லி, 'இல்லப்பா, திரும்பப் பாரு' என்று ஆசிரியர் திருத்த வேண்டும். நல்ல மார்க் வாங்கியும் வேலையில் திணறுகிற பிள்ளைகளுக்கு இந்தத் 'திரும்பப் பாரு'தான் கிடைக்காமல் போயிருக்கும்.

மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். அவரும் டாக்டருக்குப் படித்தவர்தான். சொரசொரப்பான உப்புத்தாள் எழுத்துக்களைக் குழந்தை விரலால் தடவிக் கற்க வேண்டும் என்பது அவர் முறை. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதியதும் விரல்தானே!

ஆகவே இன்று ராத்திரி ஒன்று செய்யுங்கள். ஒரு பாடம் முடிந்ததும் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, "என்ன படிச்சே, எனக்குச் சொல்லேன்" என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. தடுமாறினால் திட்டாதீர்கள், அந்தத் தடுமாற்றத்தில்தான் பாடம் பதிகிறது. விட்டுப்போனதை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி கேளுங்கள். பத்து மணிக்கு விளக்கை அணையுங்கள். படித்ததை மூளை பத்திரப்படுத்துவது தூக்கத்தில்தான்.

இப்படியும் பிள்ளை சோர்ந்தே இருந்தால், முகம் வெளுத்திருந்தால், ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். பெண் பிள்ளைகளிடம் ரத்தசோகை சர்வசாதாரணம். தூக்கமே இல்லை, காரணமில்லாமல் அழுகை என்றால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போகத் தயங்காதீர்கள். லேகியமெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.